ஆயுதம் தூக்கிச் சம்மதம் சொன்ன மேடு

டென்மார்க்குக்கு நான் இரண்டு அலுவல்களோடு போனேன். ஒன்று தம்பியின் மகள் தந்தது, மற்றது எங்கள் ஊர் டோரத்தி தந்தது. முதலாவதை இரண்டாவதுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

தம்பி மகள் நிரோஜா கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்குக் கண் தெரியேல்லை. ஆனா கார் ஓடுறார்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. எங்கட வீட்டு லெட்டர் பெட்டியை இடிச்சு விழுத்திப்போட்டு, காத்து விழுத்தினது எண்டு சொல்லுறார். கண் டொக்டரிட்டை ரெண்டு தரம் நாள் எடுத்துக் குடுத்தன். ரெண்டு தரமும் ஒளிச்சிட்டார். போனா லைசென்சைப் பறிச்சுப்போடுவினம் எண்டு பயம். அடுத்த மாசம் ஒரு வியாழக்கிழமைக்கு மூண்டாந்தரம் எடுத்திருக்கிறன். நீங்கள் வந்து சொன்னாத்தான் கேப்பார்."

"நான் சொல்லி அவன் எப்ப கேட்டவன்?" என்றேன். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி தருமுவுக்கு எழுபத்தொரு வயது. எனக்கு ஐந்து வயது இளையவன். கண் டொக்டருக்காக அண்ணன் கடல் தாண்டி வருகிறான் என்று தெரிந்தால் அவன் வீட்டுக் கதவையே திறக்கமாட்டான். வேறு காரணம் வேண்டும். அதை டோரத்தி தந்தாள்.

நான் இருப்பது இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம். பதினொரு வருடம் வயலில் கோவா, அதுதான் முட்டைக்கோசு, வெட்டினேன். அதற்குப் பிறகு பொதி கட்டும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். தாள்களை அடுக்குவதுபோல கோவாப் பெட்டிகளை அடுக்குவேன் என்று மேற்பார்வையாளர் சொல்வார். அது வேறு கதை. எங்கள் ஊர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற டோரத்தி, புதன்கிழமைகளில் சின்ன மண்டபத்தில் பழைய வரலாறு பேசுகிற கூட்டம் வைப்பாள். முதலில் நான் போனது அவளுடைய தேசிக்காய்க் கேக்குக்காக. பிறகு கதைக்காகவும் போனேன்.

அவளுக்கு உயிர் போகிற விசயம் வாப்பன்டேக். முந்தி இங்கிலாந்தின் கவுண்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். மற்றப் பக்கங்களில் அந்தத் துண்டுக்கு நூறு என்று பெயர். டேனிஷ்காரர் கப்பலில் வந்து குடியேறிய எங்கள் பக்கத்தில் மட்டும் வாப்பன்டேக். ஆயுதம் எடுத்தல் என்பது அதன் பொருள். மாதம் ஒருமுறை போல, துண்டுக்குள் இருக்கும் ஆண்கள் எல்லோரும் ஒரு மேட்டடியில், மரத்தடியில், அல்லது ஆறு கடக்கும் இடத்தில் கூடுவார்கள். மாடு களவு, எல்லைச் சண்டை, வரி, பாலம் திருத்துவது யார் என்கிற வாக்குவாதம், எல்லாம் வெட்டவெளியில்தான். பன்னிரண்டு பெரியவர்கள் முன்னுக்கு வந்து, குற்றமில்லாதவனைக் காட்டிக்கொடுக்கமாட்டோம், குற்றவாளியை ஒளிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள்.

"அப்ப ஆயுதம் எதுக்கு?" என்று கேட்டேன்.

தலைவனுடைய ஈட்டியை எல்லோரும் தங்கள் ஈட்டியால் தொடுவார்கள் என்று ஒரு கதை. முடிவு பிடித்திருந்தால் ஆயுதத்தைத் தூக்கி ஆட்டிச் சம்மதம் சொல்வார்கள் என்று இன்னொரு கதை. எது சரி என்று படித்தவர்களே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் டோரத்தி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

பிறகு பிரபுக்கள் அந்தச் சபைகளைத் தங்கள் கைக்குள் போட்டார்கள். அரசனுடைய நீதிபதிகள் வந்தார்கள். மேட்டுக்குப் போகும் ஆட்கள் குறைந்தார்கள். விக்டோரியா ராணி காலத்தோடு அது பெயரளவுக்கு வந்துவிட்டதாம். எனக்கு இது விளங்கச் சிரமமே இருக்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திலும் பகுதி பகுதியாக ஆண்ட மணியகாரர் போய் எத்தனை காலம். இன்றைக்கும் லண்டனில் ஒரு கலியாண வீட்டில், நீங்கள் வடமராட்சியா தென்மராட்சியா என்று கேட்டுத்தானே பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்கள். பிரித்தவன் போய்விடுவான், பிரிவு வாயில் இருக்கும்.

எங்கள் வாப்பன்டேக் கூடிய மேடு எங்கே என்று கேட்டேன். டோரத்தி வரைபடத்தில் விரலை வைத்தாள். நான் பதினொரு வருடம் கோவா வெட்டிய காணி. உழுது உழுது மேடு தரையோடு தரையாகிவிட்டது. பன்னிரண்டு பெரியவர்கள் சத்தியம் செய்த இடத்தில் நின்று நான் மழையைத் திட்டியிருக்கிறேன்.

இதைப் பற்றி அவள் ஒரு சின்னப் புத்தகம் எழுதுகிறாள். டென்மார்க்கில் இதே மாதிரித் துண்டுக்கு ஹெரெட் என்று பெயர், அங்கே கூடும் சபைக்கு டிங் என்று பெயர், அவர்கள் தங்கள் மேடுகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, சுற்றிவர எத்தனை அடி என்று எண்ணி, ஒரு படமும் எடுத்து வா என்றாள். அவளுக்கு இடுப்பு மாற்றிய கால், போக ஏலாது.

தருமுவுக்கு போன் எடுத்து, "ஒரு வரலாற்று ஆராய்ச்சிக்கு வாறன்" என்றேன்.

"நீங்களோ அண்ணை?" என்றான்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு அவனும் அவனுடைய மனைவி ராணியும் வந்திருந்தார்கள். மே மாதம். வழியெங்கும் மஞ்சள் பூ வயல்கள், தட்டையான நிலம், காற்று. லிங்கன்ஷயரை இஸ்திரி போட்டு விரித்ததுபோல் இருந்தது. முதலாவது சுற்றுவட்டத்தில் தருமு மூன்று தரம் சுற்றினான்.

"ஏன்டா சுத்துறாய்?"

"உங்களுக்கு ஊர் காட்டுறன்."

நடுவில் ஒரு கல்லும் மூன்று புதரும் இருந்தன. மூன்றாந்தரம் அவற்றை நான் ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

பின் சீற்றில் இருந்து ராணி எனக்குச் சொல்வதுபோல வாயே மூடவில்லை. "அத்தான், இந்த வலக்கைப் பக்கம் திரும்பிற பலகை வடிவு என்ன, கிரின்ஸ்டெட் எண்டு எழுதிக் கிடக்கு. அங்கை பாருங்கோ, சைக்கிளிலை ஒரு மனுசி, பச்சைச் சட்டை. கிட்ட வந்திட்டுது. உந்த லைற் சிவப்பு எவ்வளவு வடிவான சிவப்பு." நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த ராணி, கேட்டால் ஒரு சொல் பதில் சொல்கிற ஆள். வீட்டுக்குள் போனதும் பழையபடி வாய் மூடிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரை ஓட்டியது இரண்டு பேர்.

மத்தியானம் கறுத்த ரை மாவில் புட்டு அவித்திருந்தாள். பார்த்தால் குரக்கன் புட்டேதான். அதோடு டேனிஷ்காரர் போத்தலில் போட்டு விற்கும் ஹெரிங் மீன். கடித்தால் இனிக்கிறது! மீனுக்குச் சீனி போட்டு ஊறவைக்கிற சனத்தை நான் வேறு எங்கும் காணவில்லை. முதல் துண்டை மரியாதைக்குத் தின்றேன். ஐந்தாவது துண்டை ஆசைக்குத் தின்றேன்.

தருமு தன் கார்க் கதைகளைத் தொடங்கினான். தமிழர் வந்த புதிதில் அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்த ஒரே தமிழன் அவன்தான். ஆஸ்பத்திரிக்கு அவன், பொலிசுக்கு அவன், மொழி வகுப்புக்கு அவன். நிரோஜா ஆஸ்பத்திரி வாசலில், அதே காரின் பின் சீற்றில் பிறந்தவள். "பின் சீற்றிலை ரெண்டு பேருக்கு இடம் விட்டிட்டுத்தான் எங்கை எண்டாலும் வெளிக்கிடுவன். வழியிலை ஆரேன் தமிழ் ஆள் நிக்கும்" என்றான். கார்த் திறப்பு, சாவிக்கொத்தோடு, மேசையில், அவன் கைக்குக் கிட்டக் கிடந்தது. கதைத்துக்கொண்டே அதை அடிக்கடி தொட்டுப் பார்த்தான். வந்த அலுவலை நான் அன்று எடுக்கவில்லை. டோரத்தியின் ஈட்டிக் கதையைத்தான் பொழுதுபடும்வரை சொன்னேன். தருமு கவனமாகக் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை, அவனை ஓட்டவிடாமல் பஸ்ஸில் நூலகத்துக்குப் போக முடிவு செய்தேன். தரிப்பில் நேரம் ஒட்டியிருந்தது. பத்து மணி ஐந்து. பதினொன்று ஐந்தும் போனது. பன்னிரண்டு மணிக்குக் கிட்ட, பூக்கன்று ஏற்றிய வான் ஒன்றை நிறுத்தி ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"எதற்காக நிற்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பஸ்ஸுக்கு."

"போன் பண்ணினீர்களா?"

"யாருக்கு?"

"பஸ்ஸுக்கு. இரண்டு மணித்தியாலம் முதலே கூப்பிட்டால்தான் வரும்."

மணமகனைப்போல அழைத்தால்தான் வரும் பஸ்ஸை என் எழுபத்தாறு வயதில் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் ஜெரேனியச் செடிகளுக்கு நடுவில் என்னை ஏற்றிக்கொண்டு போய் நூலக வாசலில் இறக்கினாள். தலையில் ஒரு பூவோடு உள்ளே போனேன்.

நூலகத்தில் இருந்த தாடிக்காரர் ஹெரெட் என்ற சொல்லைக் கேட்டதும் பழைய உறவினரைக் கண்டதுபோல மகிழ்ந்தார். இங்கேயும் அதே கதைதான் என்றார். வெட்டவெளியில் கூடினார்கள், வழக்குப் பேசினார்கள், பிறகு கட்டடத்துக்குள் போனார்கள், பிறகு ஹெரெட்டே கடதாசிக்குள் போய்விட்டது. டிங் என்ற சொல் மட்டும் அவர்களுடைய பாராளுமன்றத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஒரு வரைபடத்தைப் பிரதி எடுத்து, ஒரு கிராமத்தருகில் புள்ளி போட்டு, கீழே டேனிஷில் இரண்டு வரி எழுதித் தந்தார்.

தருமுவிடம் கொடுத்தேன். அதை ஒருமுறை தூரப் பிடித்தான், ஒருமுறை கிட்டப் பிடித்தான், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "எனக்குத் தெரிஞ்ச இடம்தான்" என்றான்.

புதன்கிழமை காலை மூவரும் வெளிக்கிட்டோம். ராணி சாப்பாட்டுக் கூடை கட்டியிருந்தாள். அந்த முப்பது கிலோமீற்றரும் அவள் மரம், மாடு, லொறி, வெள்ளைக் கோடு எல்லாவற்றின் வடிவையும் புகழ்ந்துகொண்டே வந்தாள். ஒரு இடத்தில் டிராக்டரைப் புகழப் பிந்திவிட்டாள். நாங்கள் புல்லுக்குள் ஏறி, ஒரு வேலிக்கட்டையோடு கதைத்துவிட்டு, திரும்ப வீதிக்கு வந்தோம்.

"காத்து" என்றான் தருமு.

கிராமத்துக் கரையில், விளையாட்டு மண்டபத்துக்குப் பின்னால், மேடு நின்றது. என்ன மேடு! வட்டமாக, பச்சைப் புல் போர்த்து, உச்சியில் ஒற்றைக் கல். அடிவாரத்தில் அறிவிப்புப் பலகை. டோரத்தி சொன்ன மேடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

ராணி காரின் பின்பக்கம் சட்டி பானையோடு மினக்கெட்டாள். நாங்கள் இருவரும் பலகைக்கு முன்னால் போய் நின்றோம். எனக்கு டேனிஷ் தெரியாது. "வாசி தருமு" என்றேன்.

அவன் தொண்டையைச் செருமினான். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு கணீரென்று வாசித்து, தமிழிலும் சொன்னான். "பண்டைய காலத்திலே இந்த ஹெரெட்டின் சபை இந்த மேட்டிலே கூடியது. ஆண்கள் யாவரும் ஆயுதத்தோடு வந்தனர். பன்னிரண்டு பெரியவர்கள் இந்தக் கல்லைச் சுற்றி இருந்து நீதி உரைத்தனர். முடிவு பிடித்தால் ஈட்டியைத் தூக்கிக் காட்டினர்."

டோரத்தி சொன்னது ஒரு சொல் பிசகாமல் டென்மார்க்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்! பலகையில் நாலு வரிதான் இருந்தது. டேனிஷ் சுருக்கமான பாசை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வாசித்தால் நான் நம்புவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் அவன்தான். நான் மூன்றாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குப் போனவன். கொழும்பில் வேலை செய்த எங்கள் தகப்பன், ஐயா, எழுதும் கடிதங்களைச் சுற்றி இருந்து கேட்போம், அவன் வாசிப்பான்.

மேட்டைச் சுற்றி நடந்து எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு அடி. நடுவில் ஒரு தும்மல் வந்ததால் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். படம் எடுத்தேன். அதற்குள் ராணி பலகைப் பக்கம் வராமலே நேராகப் புல்லில் ஏறி உச்சிக்குப் போய்விட்டாள்.

"நீதி சொன்ன இடமே அத்தான்?"

"ஓம். தருமு வாசிச்சவன்."

"அப்ப சும்மா நிக்கக் கூடாது." சப்பாத்தைக் கழற்றினாள். கைப்பையில் எப்போதும் திருநீறும் சந்தனமும் கற்பூரமும் வைத்திருப்பாள். ஆஸ்பத்திரி, விசா அலுவல், கார் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அது போகும். கல்லுக்கு மூன்று குறி போட்டு, சந்தனப் பொட்டு வைத்தாள். கற்பூரத்தைக் காற்று மூன்று தரம் அணைத்தது. நானும் தருமுவும் ஜாக்கெட்டை விரித்து மறைத்து நிற்க, சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் நாலாந்தரம் பற்றியது. மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். டென்மார்க் முழுக்கத் தெரிகிற உயரத்தில், வெறுங்காலோடு, அப்படி ஒரு சந்தோசம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியாது.

பிறகு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கோழிக்கறியும். ராணி அகப்பையால் கறியை அள்ளிப் போடும்போது கீழே இருந்து ஒரு கொழுத்த நாய் ஏறி வந்தது. எங்களையும் பார்க்கவில்லை, கோழியையும் பார்க்கவில்லை. நேரே கல்லடிக்குப் போய்ப் பின்னங்காலைத் தூக்கியது.

"ஐயோ!" என்று ராணி கத்திய சத்தத்தில் வயலில் இருந்த காகங்கள் எழும்பிவிட்டன.

நாய்க்குப் பின்னால் தடியோடு ஒரு டேனிஷ்காரக் கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கல்லைப் பார்த்தார். திருநீற்றைப் பார்த்தார். எங்கள் வெறுங்காலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்க வேண்டும். இங்கே உங்களுடைய யாரையாவது புதைத்திருக்கிறீர்களா?" என்று மெல்லக் கேட்டார்.

தருமு டேனிஷில் விளக்கினான். ஹெரெட், டிங், பன்னிரண்டு பெரியவர்கள். கிழவரின் முகம் சிவந்தது, கன்னம் உப்பியது, கடைசியில் அடக்க ஏலாமல் புல்லில் இருந்துவிட்டார். நான் கோவிப்பேனோ என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"இது பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் மேடு. விளையாட்டு மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டிய மண். வெட்டும் இயந்திரம் ஓட்டியது நான்தான். இந்தக் கல்லை மண்ணுக்குள் தாழ்க்க இடமில்லை. அதனால் மேலே தள்ளிவிட்டேன்."

"கீழே பலகையில் எழுதியிருக்கிறதே?"

"எழுதியிருக்கிறது. சொந்தப் பொறுப்பில் சறுக்கவும், நாயைக் கயிற்றில் பிடிக்கவும் என்று." நாயைப் பார்த்தார். "அதில் பிழை என்னுடையதுதான்."

உண்மையான இடம் எது என்று கேட்டேன். தடியால் மஞ்சள் வயலைக் காட்டினார். அங்கேதான் என்று அவருடைய தகப்பன் சொல்வாராம். தேவாலயத்துக்குப் பின்னால் என்று வேறு சிலர் சொல்வார்களாம். பார்க்க ஒன்றும் இல்லை, உழுதாகிவிட்டது. எங்கள் ஊர்க் கோவாக் காணிபோல.

ராணி அகப்பையைக் கீழே வைக்காமல் கேட்டாள். "இஞ்சாருங்கோ, அப்ப நீங்கள் என்னத்தை வாசிச்சனீங்கள்?"

"எழுத்துச் சின்னன்" என்றான் தருமு.

நாங்கள் இருந்த உச்சியில் இருந்தே எனக்கு அந்த எழுத்துத் தெரிந்தது. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு.

எனக்குள் வேறொன்று கிளம்பியது. "தருமு, ஐயாவிண்ட கடிதம் எல்லாம் நீதானே வாசிச்சனீ. சின்னவனுக்கு சைக்கிள் வாங்கிக் குடுங்கோ எண்டு ஒரு கடிதம் வந்ததே. அதுவும் இப்பிடித்தானோ?"

அவனுடைய காது மட்டும் சிவந்தது. அறுபது வருடத்துக்குப் பிறகு பிடிபட்ட சைக்கிள்! என்னால் சிரிப்பை நிறுத்த ஏலவில்லை. நான் சிரிக்க ராணி சிரித்தாள், கிழவர் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார், நாய் குரைத்தது. தருமு மட்டும் சிரிக்கவில்லை. சப்பாத்தைப் போட்டான். பையில் இருந்து திறப்பை எடுத்தான்.

"வாங்கோ போவம்."

"நான் வரேல்லை" என்றேன். "நீ ஓடினா நான் ஏற மாட்டன்."

"அப்ப முப்பது கிலோமீற்றர் நடக்கப் போறியளோ?"

"ஓம். நடப்பன். பஸ்ஸுக்கும் போன் எடுப்பன்."

"நிரோ சொல்லித்தானே வந்தனீங்கள்? ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி."

"ஓம், அவள் சொல்லித்தான் வந்தனான். நீயும் எனக்கு ஒரு பலகை வாசிச்சுக் காட்டினனீ. ரெண்டும் சரி. இப்ப இரு. பொய் மேடு எண்டாலும் மேடுதானே. வழக்கை இஞ்சையே பேசுவம்."

அவன் இருக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. நான் எழும்பி நின்று வழக்கைச் சொன்னேன். ஒன்று, வீட்டுக்கு ராணி ஓட்டுவது. இரண்டு, நாளை கண் டொக்டரிடம் போவது. ராணிக்கு லைசென்ஸ் இருக்கிறது. வந்த புதிதில் புருசனும் பெண்சாதியும் ஒன்றாகத்தான் படித்தார்கள். அவள் முதல் தரத்திலேயே பாஸ். அவன் மூன்றாந்தரம். அன்று முதல் கார் அவனுடையது, அவளுடைய லைசென்ஸ் பேர்சுக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

கிழவர் என்ன நடக்கிறது என்று கேட்டார். ராணி தருமுவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கோ." தன் வழக்கைத் தானே டேனிஷில் மொழிபெயர்க்க வேண்டி வந்தது அவனுக்கு. அரைவாசி சொல்ல முதலே கிழவர் தடியைத் தூக்கிவிட்டார். நான் குடையைத் தூக்கினேன். ராணி அகப்பையைத் தூக்கினாள். கறி அவளுடைய கைக்குள் வடிந்தது.

"மூண்டு பேர் காணாது" என்றான் தருமு. "பன்னிரண்டு பேர் வேணும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னியள்."

கண் போனாலும் காது நல்ல காது.

"திறப்பைக் குடுத்தா பேந்து நான் ஆர்?" என்றான் திடீரென்று. "இந்த ஊரிலை கார் இல்லாட்டி நான் வீட்டிலை கிடக்கிற ஒரு கதிரை, அண்ணை. டொக்டர் பறிச்சா, அவ்வளவுதான்."

பிறகு ராணி பேசினாள். அகப்பையைத் தாழ்த்தாமலே பேசினாள்.

"ரெண்டு வருசமாக் காருக்குள்ளை நான் வாய் மூடேல்லை. மரம் எண்டும் மாடு எண்டும் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை நோகுது. ஒருக்கா நான் பேசாமல் வீட்டை போகவேணும். அதுக்கு விடுங்கோ."

தருமு அவள் நின்ற பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமே?"

"உங்களுக்குத் தெரிய முதலே எனக்குத் தெரியும்."

காற்று அடித்தது. நாய் கோழி எலும்பு ஒன்றைக் கண்டுபிடித்தது. தருமு கையைப் பார்த்தான். கையில் இருந்தது திறப்பு மட்டும்தான். மெல்ல, தோள் வரைக்கும், பிறகு தலைக்கு மேலே, அதைத் தூக்கினான். வெயிலில் அது மினுங்கியது. அவன் கையைக் கீழே இறக்க முதல் ராணி எட்டிப் பறித்துவிட்டாள்.

கிழவர் கீழே வந்து, தடியை ஆட்டி ஆட்டி ராணிக்குப் பின்னால் எடுக்க வழி காட்டினார். அவருடைய நாய் காருக்குள் ஏறப் பார்த்தது. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் கிரின்ஸ்டெட் போய்ச் சேர்ந்தோம். பின்னால் ஒரு பால் லொறியும் பதினாலு காரும் ஊர்வலமாக வந்தன. ராணி வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அன்று பின்னேரம் டோரத்திக்கு போனில் உண்மையைச் சொன்னேன். சறுக்கு மேடு, நூற்று நாற்பத்திரண்டு அடி, தும்மல், நாய், வழக்கு. அவள் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். எத்தனை பேர் ஆயுதம் தூக்கினீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நிரோஜா வேலைக்கு லீவு போட்டு வந்தாள். கண் டொக்டர் இளம் பெண். அறை இருட்டாக இருந்தது. நானும் ஒரு மூலையில் இருந்தேன். சுவரில் பார்த்து, தெரிகிற எழுத்துக்களைச் சொல்லுங்கள் என்றாள். தருமு தொண்டையைச் செருமினான். ஐயாவின் கடிதம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எழுத்து ஒண்டும் தெரியேல்லை" என்றான் தமிழிலேயே. "வெள்ளையா ஒரு சதுரம் தெரியுது."

நிரோஜா மொழிபெயர்த்தாள். டொக்டர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னவாம்?"

"அப்பா, அது கதவுக் கண்ணாடியாம். பலகை மற்றப் பக்கம்."

முதலில் சிரித்தவன் தருமுதான். அந்தச் சிரிப்பில் டொக்டரின் கருவியே ஆடியது. பிறகு அவள் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. வெட்டி எடுத்து வில்லை வைக்கலாம், ஒவ்வொரு கண்ணாக. அதுவரைக்கும் ஓடக் கூடாது. பிறகு திரும்பச் சோதித்துப் பார்த்துச் சொல்வாளாம். "பறிக்கேல்லையோ?" என்று தருமு இரண்டு தரம் கேட்டான். "இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறா, அப்பா" என்றாள் நிரோஜா.

வெளியே கார் நின்றது. அவன் பழக்கதோசத்தில், ஓட்டுகிறவர் ஏறும் இடப்பக்கக் கதவடிக்குப் போனான். நின்றான். போனெற்றைத் தடவிக்கொண்டு சுற்றி வந்து, வலப்பக்கம் ஏறிப் பெல்ற்றைப் போட்டான். ராணி கண்ணாடியைத் திருத்தி, சீற்றை முன்னுக்கு இழுத்து, பெரிய வீதிக்கு எடுத்தாள். தருமு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"என்னடா, நித்திரையே?"

"இல்லை அண்ணை. இவள் ஓடுறதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

"திறந்தாலும் ஒண்டுதானே அப்பா!" என்றாள் நிரோஜா.

ராணி மூன்றாவது கியருக்கு மாற்றினாள். வீடு வரும்வரைக்கும் தருமுவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.